ஆற்றங்கரைச் சக்களத்தி

முதல் அறிகுறி என்ன என்று டாக்டர்கள் கேட்பார்கள். மூச்சிரைப்பா, இருமலா, படபடப்பா என்று அவர்களே எடுத்தும் கொடுப்பார்கள். என் கணவருக்கு முதல் அறிகுறி, காலையில் வீட்டுக்குத் தாமதமாக வந்ததுதான். எந்த மனைவி அதை நோய் என்று எடுத்துக்கொள்வாள்?

இதய வால்வு நோய்க்காரர் ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயாளி என்ன சாப்பிட வேண்டும், எப்படிப் படுக்க வேண்டும் என்று சொல்ல ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு வயிறு எரிந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு நன்றாகவே எரிந்தது. அதை விட்டுவிட்டு இந்தக் கதையை என்னால் சொல்ல முடியாது.

எழுபதுகளின் தொடக்கம். கவரப்பேட்டைக்குத் தெற்கே, ஆரணி ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. இவர் பெயர் தணிகாசலம். கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் வயல்களுக்கு நடுவே ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒரு கம்பெனியில் பிட்டர் வேலை. காலையில் கவரப்பேட்டை ஸ்டேஷனில் ரயில் பிடிக்க வேண்டும். அதற்கு முன்னால், விடிந்தும் விடியாததுமாக, ஓடப் போவார்.

ஓடுவது என்றால் ஊருக்குத் தெரியாமல். வளர்ந்த ஆண் ஒருவன் தெருவில் ஓடினால், எந்த வீட்டில் என்ன ஆச்சோ என்று நாலு பேர் கூடவே ஓடி வருவார்கள். அதனால் அரை டிராயர் மேல் லுங்கியைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு சொம்பு தண்ணீரோடு, அவசர வேலையாகக் கரைப் பக்கம் போகிறவர் போல நடப்பார். கரை ஏறியதும் லுங்கியையும் சொம்பையும் தாழம் புதரில் சொருகிவிட்டு ஓட ஆரம்பிப்பார். ஊரைப் பொறுத்தவரை இவர் ஓட்டக்காரர் அல்ல. தினமும் வயிறு சரியில்லாத மனுஷர்.

எங்கே ஓடுவார் என்று எனக்கு மனப்பாடம். தினம் சாப்பிடும்போது சொல்லிச் சொல்லியே என் தலையில் ஏற்றியிருந்தார். கரை மேலேயே மேற்காகப் பனை வரிசை. அது முடிகிற இடத்தில் ஆற்றுக்குள் இறங்கினால் மணலில் வெள்ளரிப் பாத்திகள். அந்தப் பக்கம் ஏறினால் வேர்க்கடலைக் கொல்லை. அதைத் தாண்டினால் நாயுடுவின் திராட்சைத் தோட்டம். எங்கள் பக்கம் யாரும் திராட்சை போட்டதில்லை. நாயுடு ஐதராபாத் பக்கம் போனபோது பார்த்துவிட்டு வந்து, கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டுக் கொடியை ஏற்றியிருந்தார். அந்தப் பந்தலுக்கு அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடித் திரும்புவதுதான் இவர் கணக்கு.

"தலைக்கு மேல பச்சையா ஓடிகினே இருக்கும் வேதா. நான் ஓடறனா அது ஓடுதான்னே தெரியாது" என்பார்.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் வெளிச்சம், நான் புதுப்புடவை கட்டிக்கொண்டு எதிரில் நின்றபோதுகூட வந்ததில்லை. எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றாவதாக அந்தக் கரை. அதற்கு நான் சக்களத்தி என்று பெயர் வைத்தேன். "இன்னா, சக்களத்தி ஊட்ல இருந்து வந்தாச்சா?" என்று வாசலில் கேட்பேன். இவர் சிரிப்பார். நான் பாதிதான் விளையாட்டாகக் கேட்டேன்.

ஒரு தடவை நாயுடு கொடுத்தார் என்று ஒரு குலை கொண்டுவந்தார். பச்சை நிறம், விரல் நுனி பருமன். தெருவே வந்து பார்த்துவிட்டு ஆளுக்கு ஒன்று வாயில் போட்டுக்கொண்டு போயிற்று. எனக்குக் கடைசியில் காம்புதான் மிஞ்சியது.

அந்தத் தைப் பொங்கலுக்குப் பிறகு தாமதம் தொடங்கியது. முதலில் கொஞ்சம். பிறகு சாப்பிட நேரமில்லாமல் டிபன் டப்பாவை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷனுக்குப் போகும் அளவுக்கு. பிறகு ரயிலையே விட்டார். கேட்டால், தோட்டத்தில் உட்கார்ந்துவிட்டேன், ராஜம்மா தண்ணீர் கொடுத்தாள் என்றார்.

"ராஜம்மா யாரு?"

"பந்தல்ல வேலை செய்ற பொம்பள. சத்தியவேடு பக்கத்துக்காரி."

"தண்ணி குடிக்க இம்மா நேரமா?"

உள்ளே போய் டிபன் டப்பாவைத் தேடினார். பேசினால் மூச்சு வாங்குவது எனக்குத் தெரிந்துவிடும் என்று பேசாமல் இருந்திருக்கிறார். அவர் பேசாமல் இருந்ததற்கு நான் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

பங்குனி மாதம் ஒரு நாள், அவருடைய துண்டில் சிவப்பாக ஒரு கறை. பெரிதாக இல்லை. ஆனால் துவைக்கிறவள் கண்ணுக்குத் தப்பாது.

"இன்னா கறை இது?"

"திராட்சை. கசங்கிப் போச்சு."

அந்தத் தோட்டத்தில் இருப்பது பச்சைத் திராட்சை. நான் பார்த்திருக்கிறேன். பச்சைத் திராட்சை எப்படிச் சிவப்பாகக் கறை பிடிக்கும்? பொய் சொல்கிறார் என்பது நிச்சயமாகிவிட்டது. தோட்ட வேலைக்கு வரும் பெண்கள் வெற்றிலை போடாமல் இருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வெற்றிலைச் சாறு, அதுவும் யாருடைய வாயிலிருந்து வந்தது என்று தீர்மானித்த பிறகு, அந்தத் துண்டைக் கல்லில் அடித்த அடியில் அது கிழியாமல் இருந்தது ஆச்சரியம். துணைக்கு இருப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். துண்டில் கறை இருந்தால் துவைக்காதீர்கள். அப்படியே டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

மறுநாள் அவர் கிளம்பிப் போன பிறகு உலையை இறக்கி வைத்துவிட்டு நானும் கிளம்பினேன். அவர் சொல்லிச் சொல்லி வைத்திருந்த பாதைதான். தாழம் புதரில் லுங்கி இருந்தது. பனை வரிசை முடிந்து மணலில் இறங்கியபோது எனக்குக் கால் புதைந்து கோபம் இன்னும் ஏறியது. தோட்டத்து வாசலில் கூடை ஏற்ற ஒரு லாரி நின்றிருந்தது. அதைத் தாண்டி உள்ளே போனேன்.

பந்தலுக்கு அடியில் ஒரு கல்லில் இவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்திருந்தார். என் வயதுள்ள ஒருத்தி பக்கத்தில் நின்று அவர் முதுகை நீவிக்கொண்டிருந்தாள். வாயில் வெற்றிலை இல்லை.

"ஓடப் போறன்னு சொல்லிட்டு இங்க குந்திகினு முதுகு தேய்ச்சிகினு கீறியா?" என்று கத்தினேன். நான் அவரை ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான்.

இவர் தலையைத் தூக்கி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இருமல் வந்துவிட்டது. திரும்பிக்கொண்டு துப்பினார். இளஞ்சிவப்பாக, நுரையாக இருந்தது. நான் பார்த்தது பார்த்தபடி நிற்க, அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினாள். கீழே பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு பழக்கம்.

ரத்தத்தைப் பார்த்த பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அந்தக் கால் மேல் பொறாமை. இவருடைய ரத்தம் எங்கே விழும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"எத்தினி நாளா?" என்று அவளைக் கேட்டேன்.

"உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு அக்கா" என்றாள் ராஜம்மா. "நான் இன்னா பண்றது? தெனம் சொல்றேன், ஆஸ்பத்திரிக்குப் போ, போன்னு. கேட்டாத்தான?"

கூடை ஏற்ற வந்த லாரியிலேயே இவரைப் பொன்னேரிக்குக் கொண்டுபோனோம். ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன், இன்னொரு பக்கம் அவள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் எப்படிச் சாய்த்தால் அவருக்கு மூச்சு லேசாக வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

பொன்னேரியில் ஒரு டாக்டர் பார்த்தார்.

"ரத்தம் எவ்வளவு நாளா வருது?"

"ரெண்டு நாளா சார்" என்றார் இவர்.

"பொய்யி டாக்டரு" என்றாள் ராஜம்மா. "பொங்கலுக்குக் கரும்புக் கட்டு வந்துச்சே, அப்பத்துலர்ந்து வருது. மொதல்ல ஓடி முடிச்சாத்தான் எளைக்கும். இப்ப பாதியிலயே குந்திக்கிறாரு."

டாக்டர் அவளைப் பார்த்து, "நீங்க இவர் சம்சாரமா?" என்றார்.

"நான் சம்சாரம்" என்றேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னேன். டாக்டர் என் பக்கம் திரும்பி, ராத்திரியில் இருமல் உண்டா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேட்டார். எனக்கு ஒன்றுக்கும் சரியாகப் பதில் தெரியவில்லை. சில நாளாக இவர் சுவரில் சாய்ந்தபடி தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். என் மேல் கோபம், அதனால்தான் பக்கத்தில் படுக்காமல் தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, நானும் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தேன். படுத்தால் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு அடைக்கும், உட்கார்ந்தால் கொஞ்சம் இறங்கும் என்பது அந்த நோயின் குணம் என்று பிறகு சொன்னார்கள்.

ரத்தம் என்றதும் அந்தக் காலத்தில் யாருக்கும் முதலில் தோன்றுவது காசநோய்தான். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசநோய்க்குத் தினமும் போடும் மருந்து) ஆரம்பித்தார்கள். தட்டு, டம்ளர் தனியாக வைத்தோம். இவர் இளைத்துக்கொண்டே போனார், கால் மட்டும் வீங்கியது. பொன்னேரி டாக்டருக்கே சந்தேகம் வந்து, மதராஸுக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துக் காட்டச் சொல்லி அனுப்பினார்.

மதராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே இருந்த இதய டாக்டர் வயதானவர், அவசரப்படாதவர். இவரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். ஏதோ பாட்டுக் கேட்கிறவர் மாதிரி இருந்தது. பிறகு கேட்டார்: "சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துதா? முதல்ல முட்டி, அப்புறம் கணுக்கால், அப்புறம் முழங்கைன்னு மாறி மாறி?"

"வந்துது சார்" என்றார் இவர். "விளையாடறப்போ அடி பட்டுச்சுன்னு பத்து போட்டாங்க. தானா சரியாப் போச்சு."

மூட்டு சரியாகிவிட்டது, இதயத்தில் தங்கிவிட்டது என்றார் டாக்டர். மூட்டுவாதக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணில் தொடங்கி மூட்டுகளையும் இதயத்தையும் பிடிக்கும் காய்ச்சல்) வந்த பிள்ளைகளில் சிலருக்கு, இதயத்துக்குள் இருக்கும் வால்வு (ரத்தத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் கதவு) வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல ஒட்டிச் சுருங்கிவிடும். கதவு திறக்காததால் ரத்தம் பின்வாங்கி நுரையீரலில் தேங்கும். மூச்சிரைப்பும் ரத்தமும் அதனால்தான். காசநோய் இல்லை.

"இதை வெச்சுக்கிட்டா இவ்வளவு தூரம் ஓடிட்டிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். அதில் கொஞ்சம் மெச்சுதல் இருந்தது. இவர் முகத்தில் அந்த வெளிச்சம் வந்து போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட அந்தக் கரைச் சக்களத்தியை நினைத்துக்கொள்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாத்திரைகள் கொடுத்தார்கள். ஒன்று இதயத் துடிப்பை நிதானப்படுத்த, இன்னொன்று தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்ற. உப்பு கூடவே கூடாது. உப்பில்லாத சோறும் உப்பில்லாத குழம்பும் சமைத்துப் போடுவதும் ஒரு தண்டனைதான், சாப்பிடுவது மட்டும் அல்ல. நானும் அதையே சாப்பிட்டேன். பாசத்தால் என்று மற்றவர்கள் சொன்னார்கள். பாசம் பாதி. ஒளித்து வைத்து ஊறுகாய் தின்றால் அவர் மோப்பம் பிடித்துவிடுவார் என்பது மீதி.

பிறகு ஆபரேஷன் என்றார்கள். அறுவை டாக்டர் இளைஞர். எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"இடது பக்கம் விலா எலும்புக்கு நடுவுல திறப்போம். இதயத்துல காது மாதிரி ஒரு சின்னப் பை இருக்கு. அது வழியா விரலை விட்டு, ஒட்டியிருக்கிற வால்வைப் பிரிச்சு விடுவோம்."

"விரலாலயா டாக்டர்?" என்றேன்.

"விரலாலதான்மா. இதயம் துடிச்சுக்கிட்டேதான் இருக்கும்."

எனக்குப் பயம்தான். ஆனால் மனசு போகிற போக்கைப் பாருங்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் இதயத்தில் என்ன இருக்கிறது என்று என்னால் எட்டிப் பார்க்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு பிள்ளை, கையுறை மாட்டிக்கொண்டு விரலையே விடப்போகிறது. அந்த நிமிஷம் அந்த டாக்டர் மேலும் எனக்குப் பொறாமைதான்.

பிழைப்பாரா என்று நான் கேட்கவில்லை. பெரும்பாலானவர்கள் நன்றாகிவிடுகிறார்கள், சிலருக்கு ஆகாமலும் போகும் என்று டாக்டர் தானாகவே சொன்னார். அந்தச் சிலரில் இவர் இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தபடிதான் ஆபரேஷன் அன்று வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கரையோ ராஜம்மாவோ யாரோ எடுத்துக்கொள்ளட்டும், ஆள் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் முடிந்த கையோடு, அப்படியெல்லாம் விட்டுக்கொடுக்க முடியாது என்றும் சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் வெளியே வந்து, "சுண்டு விரல் நுனிகூட நுழையாம இருந்தது. இப்போ தாராளமாப் போகுது" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

விலாவிலிருந்து ஒரு குழாய் கட்டிலுக்கு அடியில் இருந்த கண்ணாடி பாட்டிலுக்குப் போனது. நெஞ்சுக் கூட்டில் மிஞ்சிய ரத்தமும் காற்றும் வெளியேறுவதற்காக என்றார்கள். அவர் மூச்சு விடும்போது பாட்டிலில் தண்ணீர் ஏறி இறங்கும். பார்க்கப் பயமாக இருக்கும், பயப்பட வேண்டாம். அது அசைந்துகொண்டிருப்பதுதான் நல்லது.

பார்வையாளருக்கு ஒரே ஒரு பாஸ் உண்டு. ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போகலாம். ஆவணியில் இரண்டாம் அறுப்புத் திராட்சையை ஏற்றிக்கொண்டு கொத்தவால்சாவடி மார்க்கெட்டுக்கு வந்த லாரியில் ராஜம்மாவும் வந்துவிட்டாள். கையில் ஒரு குலை, வாழை இலையில் சுற்றி.

"ஒரே ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன்க்கா" என்றாள்.

"டாக்டர் யாரையும் உடக் கூடாதுன்னுட்டாரு" என்றேன். பாஸ் என் முந்தானை முடிச்சில் இருந்தது. குலையை மட்டும் வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு நடந்தாலும் நான் பாஸைக் கொடுக்க மாட்டேன். அவள் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, லாரி கிளம்பிவிடும் என்று போய்விட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது வயதான டாக்டர் விவரமாகச் சொன்னார். மறுபடி தொண்டைப் புண் வந்தால் வால்வு மறுபடி ஒட்டும். அதனால் மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருஷக்கணக்கில். ஒன்றுகூடத் தவறக் கூடாது. நடக்கலாம், நடப்பது நல்லது. வேலைக்குப் போகலாம், பளு தூக்கக் கூடாது.

"ஓடறது?" என்று கேட்டார் இவர்.

"அதை மறந்துடுங்க."

"பந்தல் வரைக்கும் மட்டும்..."

டாக்டருக்குப் பந்தல் என்றால் என்னவென்று தெரியாது. "மறந்துடுங்க" என்றார் மறுபடியும். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன். சக்களத்தி ஒழிந்தாள் என்று இருந்தது.

ஊர் திரும்பிய பிறகு எங்கள் வீட்டில் மாதம் என்பது போய்விட்டது. வெள்ளிக்கிழமை, அமாவாசை எதுவும் கணக்கில்லை. இந்த ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் இருப்பதுதான் காலம். போட்ட அன்று இடுப்பு வலியில் நொண்டுவார். அது ஆறி, மறந்து, அடுத்தது வந்துவிடும். என் உடம்பும் மாறியிருந்தது. இவர் இரண்டு படி ஏறினால் என் மூச்சு நிற்கும். ஏறி முடித்து இவர் சாதாரணமாக நின்றால்தான் எனக்கு மூச்சு வரும். நோய் ஒருவருக்கு, இரைப்பு இரண்டு பேருக்கு.

இப்போது பொறாமை அவர் முறை. ஆற்றுமணலில் பந்து விளையாடும் பையன்களை முறைப்பார். கூட்ஸ் ரயில் ஓடுவதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். தெருநாய் ஒன்று காரணமே இல்லாமல் எங்கள் வாசலைத் தாண்டி ஓடியது. "அதுக்கு இன்னா அவசரம்?" என்று கோபப்பட்டார். நாயிடம் பொறாமைப்படும் அளவுக்கு வந்துவிட்டாரே என்று சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அப்போதுதான் கேட்டேன். மாதக்கணக்காக உள்ளே கிடந்த கேள்வி.

"அவளாண்ட சொன்னீங்களே, என்னாண்ட ஏன் சொல்லல?"

இவர் யோசிக்கவே இல்லை. "சொல்லியிருந்தா நீ ஓட உட்டிருப்பியா?"

"உட்டிருக்க மாட்டேன்."

"அதான்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. செத்தாலும் பரவாயில்லை என்று அவர் கரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், என்னை இல்லை. அதை அறிந்துகொண்ட பிறகும் அடுப்பில் பால் பொங்கியது, இறக்கினேன், உப்பில்லாத சோறு போட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பதில் வரலாம். வந்தால் அன்றைக்கே முடிவு ஏதும் எடுக்காதீர்கள்.

தனியாக நடக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான் கூடப் போனேன். இந்த முறை சொம்பு எடுக்கவில்லை. ஊரே இவரை நோயாளி என்று பார்த்துவிட்ட பிறகு எதை மறைப்பது? முதலில் தாழம் புதர் வரை. பிறகு பனை வரிசை. சில ஊசிகள் கழித்து மணல். இவர் மெதுவாக, அளவாக நடப்பார். எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், விலாவில் பிடிக்கும். எனக்கும் ஒரு நுரையீரல் இருப்பது அந்தக் கரையில்தான் தெரிந்தது. இவர் நின்று, திரும்பிப் பார்த்து, "மூக்கால இழு வேதா" என்பார். அவர் என்னிடம் அந்த விஷயத்தில் எதையாவது சொல்லிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருஷம் சித்திரையில் ஒரு நாள் தோட்டம் வரை போய்ச் சேர்ந்தோம். அது கவாத்துக் காலம் (பழம் எடுத்த பிறகு கொடியைக் கழித்துவிடும் நேரம்). இவர் சொல்லும் பச்சை எதுவும் இல்லை. கம்பியும் வெட்டிய குச்சியும் வெயிலும்தான். ராஜம்மா கத்திரியோடு நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு முதலில் என்னிடம் நீட்டினாள். எனக்குத்தான் அதிகம் இரைத்தது. பாஸ் விஷயத்தை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இவர் கல்லில் உட்கார்ந்து பந்தலின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன். எனக்குத் தூண்கள்தான் தெரிந்தன.

"இவரு ஓடறப்போ எப்டி இருப்பாரு?" என்று ராஜம்மாவைக் கேட்டேன்.

அவள் கத்திரியைக் கீழே இறக்கினாள். "இன்னாக்கா கேக்கற? நீ பாத்ததே இல்லியா?"

பார்த்ததில்லை. லுங்கியைக் கட்டிக்கொண்டு தெருமுனையைத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறேன். வியர்த்து, கால் முழுக்க மணலோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். நடுவில் நடந்ததை ஒரு நாளும் பார்த்ததில்லை. காலை நேரத்தில் எனக்கு அடுப்பு இருந்தது, தண்ணீர் இருந்தது, அவருடைய ரயில் இருந்தது. இவர் ஓடும் கம்பெனி விளையாட்டு விழாவுக்கும் பெண்களைக் கூட்டிப்போகும் வழக்கமில்லை. ஓட்டக்காரர் பெண்டாட்டி, அவர் ஓடுவதைப் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் முடியாது. இவள் தினமும் பார்த்திருக்கிறாள். காசு கொடுக்காமல், கேட்காமல், கொடியைக் கட்டிக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

அதுவரை நான் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போது தெரிந்தது.

என் முகத்தில் அவள் எதைப் பார்த்தாளோ. "இரு, காட்றேன்" என்று கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். "வாய மூடிக்குவாரு. மூக்காலதான் மூச்சு. எடது தோளு மட்டும் இப்டி கொஞ்சம் எறங்கி இருக்கும். வெரல மூட மாட்டாரு, கோழிக்குஞ்சப் புடிச்சிகினு போறா மாரி வெச்சிக்குவாரு. பாத்துக்க."

ஓடினாள். வெட்டிப் போட்ட குச்சிகளுக்கு நடுவே, தூணுக்கும் தூணுக்கும் நடுவே, வாயை மூடிக்கொண்டு, இடது தோளை இறக்கிக்கொண்டு, விரலைப் பாதி விரித்துக்கொண்டு ஓடினாள். பாதி தூரத்தில் தலையை லேசாக மேலே தூக்கினாள். அங்கே இப்போது இலை எதுவும் இல்லை. இவர் தூக்குவார் போலிருக்கிறது.

"நான் ஒண்ணும் அப்டி ஓட மாட்டேன்" என்றார் இவர் கல்லில் இருந்து.

"சும்மா குந்து நைனா" என்று அந்தக் கோடியிலிருந்து அவள் கத்தினாள். "நீ ஓடி நீயே பாத்தியா? நான்தான பாத்தேன்?"

இவர் சிரித்தார். சிரித்தும் இருமல் வரவில்லை. நான் அவரைப் பார்க்கவில்லை. அவள் திரும்பி ஓடி வருவதையே பார்த்தேன். அந்தத் தோள், அந்த விரல், அந்தத் தலை. நெஞ்சு எரிந்தது, கண்ணை எடுக்க முடியவில்லை.

ராஜம்மா என் முன்னால் வந்து நின்றாள். நன்றாக மூச்சு வாங்கியது.

"போதுமாக்கா?" என்றாள்.

"இன்னொரு தபா ஓடு" என்றேன்.